கார் என்ஜின் ஆயிலும் ஃபில்டரும்: வீட்டு வாசலிலேயே மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் காருக்கு என்ஜின் ஆயில் மாற்றுகிறேன். நாள் நட்சத்திரம் பார்த்து அல்ல. அந்த வாரம் எப்படியும் வண்டியைக் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்தாக வேண்டும்; அதோடு சேர்த்தால் இது மறக்காது. வண்டி ஹூண்டாய் கிராண்ட் ஐ10, 1.2 லிட்டர் பெட்ரோல். ஆபீஸுக்கு ரயிலில் போகிறவன் வீட்டு வண்டி என்பதால் வருஷத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். கையேடு சொல்வது 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது. எங்கள் வீட்டில் எப்போதும் ஆண்டுதான் முதலில் வரும்.

"ஓடவே இல்லையே, ஆயில் அப்படியேதானே இருக்கும்" என்று பலர் கேட்பார்கள். உண்மையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடும் வண்டியின் ஆயில்தான் சீக்கிரம் கெடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும், எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடேறி அதையெல்லாம் ஆவியாக்கி வெளியே தள்ளிவிடும். காய்கறிக் கடைக்கும் டியூஷனுக்கும் மட்டும் போய்வரும் வண்டிக்கு அந்தச் சூடே ஏறுவதில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் ஏடு மாதிரி வெளுப்பாகப் படிந்திருப்பதைச் சில வண்டிகளில் பார்க்கலாம். அது இந்த ஈரம்தான். (ரேடியேட்டர் தண்ணீரும் தானாகக் குறைந்துகொண்டே வந்தால் கதை வேறு, உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.)

வேலை என்னவோ எளிதுதான். கீழே ஒரு போல்ட்டைத் திறந்து பழைய ஆயிலை வடிக்கிறோம், ஃபில்டரைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறோம், மேலே புது ஆயிலை ஊற்றுகிறோம். முதல் முறை இரண்டு மணி நேரம் ஆகும், பழகிவிட்டால் முக்கால் மணி. இதில் சொதப்ப வாய்ப்புள்ள இடங்கள் இரண்டே இரண்டு: அந்த போல்ட், அந்த ஃபில்டர். இரண்டிலும் சொதப்பல் வருவது பலம் போதாமல் அல்ல, பலம் கூடிப்போய். அதனால் மற்றதைச் சுருக்கமாகவும் இந்த இரண்டைக் கொஞ்சம் நீட்டியும் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரண்டி இருக்கும் வண்டியில் கை வைக்காதீர்கள். கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு விடுபட்டால், பிறகு என்ஜினில் ஏதாவது வந்து வாரண்டி கேட்கும்போது வீண் வாதம். இலவச சர்வீஸ் காலத்தில் கூலியும் மிச்சமில்லை. வாரண்டி முடிந்த பிறகு தொடங்கினால் போதும்.

எந்த ஆயில்

பதில் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கிறது. பெரும்பாலும் அது டாஷ்போர்டு பெட்டிக்குள் பழைய இன்சூரன்ஸ் தாள்களுக்கு அடியில் கிடக்கும். எடுத்து "பரிந்துரைக்கப்படும் ஆயில்", "கொள்ளளவு" என்ற இரண்டு பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேனில் 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால், டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண், குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. எண் சிறியதானால் ஓட்டம் சுலபம். பின்னால் உள்ள எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. என் கையேட்டு அட்டவணைப்படி எங்கள் ஊர் வெப்பத்துக்கு 5டபிள்யூ-30 சரி.

இங்கே ஒரு பழைய வழக்கு உண்டு. "நம்ம ஊரு வெயிலுக்கு இதெல்லாம் தண்ணி மாதிரி சார், 20டபிள்யூ-40 ஊத்துங்க, என்ஜின் சத்தமே வராது" என்று சொல்லும் மெக்கானிக் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். அம்பாசடர் காலத்து என்ஜினுக்கு அது சரியான அறிவுரை. இன்றைய என்ஜினில் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி மிகக் குறைவு. அதோடு பல வண்டிகளில், என் வண்டி உட்பட, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் ஏற்பாடே ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. மெல்லிய துவாரங்கள் வழியே ஆயில் ஓடியாக வேண்டும். கெட்டி ஆயில் அங்கே தாமதமாகப் போய்ச் சேரும். வெளியே வெயில் 40 டிகிரி என்பது என்ஜினுக்குப் பெரிய சங்கதி இல்லை. ஓடும்போது ஆயில் எப்படியும் நூறு டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கையேட்டைத் தயாரித்தவர்களுக்கு நம்ம ஊர் வெயில் தெரியாதா என்ன? என் வண்டி செய்யப்பட்டதே ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில்தான்.

இந்த கிரேடுக்கு அடுத்தபடி ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) தர முத்திரை. வட்டமான அந்தக் குறிக்குள் எஸ்.என்., எஸ்.பி. என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். எஸ் என்றால் பெட்ரோல் என்ஜின், சி என்றால் டீசல். இரண்டாவது எழுத்து ஆங்கில வரிசையில் பின்னால் போகப் போகப் புதிய தரம், எஸ்.பி. 2020இல் வந்தது. கையேடு சொன்ன எழுத்தோ அதற்குப் பிந்தியதோ இருந்தால் போதும். பிஎஸ்6 டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். புகைபோக்கியில் கரித்துகளைப் பிடிக்கும் ஃபில்டர் இருப்பதால், சாம்பல் குறைவாக விடும் வகை ஆயில்தான் அதற்கு ஆகும். கையேட்டில் உள்ள குறியீட்டை எழுத்து மாறாமல் பார்த்து வாங்குங்கள்.

என் வண்டிக்கு ஃபில்டரோடு சேர்த்து மூன்றரை லிட்டர் அளவில் பிடிக்கும். மூன்று லிட்டர் கேன் ஒன்று, ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று வாங்குவேன். மிஞ்சும் அரை லிட்டரை டிக்கியில் வைத்தால் வழியில் உதவும். அதைப் பைக்கில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. கார் ஆயிலில் வழவழப்பு கூட்டச் சேர்க்கும் பொருள் கிளட்சை வழுக்க வைக்கும்.

போலி ஆயில் பற்றிய பயம் நியாயமானதே. தெரிந்த ஸ்பேர்ஸ் கடையில் பில்லோடு வாங்குங்கள். சென்னை என்றால் ஜி.பி. ரோட்டில் வண்டிக் கம்பெனி ஒவ்வொன்றின் பாகத்துக்கும் கடை இருக்கிறது. மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, கேனில் தயாரித்த தேதி தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் காலிக் கேனை அப்படியே பழைய பேப்பர்காரரிடம் போடாமல் லேபிளைக் கிழித்து, கத்தியால் ஒரு குத்து குத்திப் போடுங்கள். உங்கள் கேன் வேறு ஏதோ நிரம்பி யார் வண்டிக்காவது போய்ச் சேரக் கூடாது.

ஃபில்டர் விலை ஒரு நல்ல மதியச் சாப்பாட்டின் விலைதான். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம், கம்பெனி ஃபில்டரே வாங்குங்கள். வெளியே பார்க்க எல்லாம் ஒரே தகர டப்பாதான். உள்ளே மடித்த தாள், வண்டி நிற்கும்போது ஆயில் பின்னால் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு, தாள் அடைத்துக்கொண்டால் என்ஜின் பட்டினி கிடக்காமல் ஆயிலை நேராக விடும் இன்னொரு வால்வு என்று எல்லாம் இருக்கிறது. மட்டமான ஃபில்டரில் அந்த ரப்பர் சீக்கிரம் விறைத்துப்போகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி 'கடகட' என்று கேட்டால் பலமுறை காரணம் அதுதான்.

கடைசியாக ஒரு வாஷர். டிரெயின் போல்ட்டுக்கு, அதாவது ஆயிலை வடிக்கக் கீழே திறக்கும் அந்த போல்ட்டுக்கு, அடியில் உட்காரும் செம்பு அல்லது அலுமினிய வளையம். ஐந்து பத்து ரூபாய்ச் சாமான் என்று மறந்துவிட்டால், வண்டியைத் தூக்கி நிறுத்திய பிறகு கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.

சாமான்கள்

டிரெயின் போல்ட் அளவுக்கு ரிங் ஸ்பானரோ பாக்ஸ் ஸ்பானரோ வேண்டும். ஹூண்டாயிலும் ஹோண்டாவிலும் 17, டொயோட்டாவில் பெரும்பாலும் 14. வாய் திறந்த ஸ்பானரை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள், போல்ட்டின் மூலை மழுங்கிவிடும். ஃபில்டர் கழற்றும் ரெஞ்ச் ஒன்று, ஐந்து லிட்டராவது பிடிக்கும் அகலத் தட்டு, புனல், ரப்பர் கையுறை, பழைய அட்டைப்பெட்டி ஒன்றை விரித்தது. துடைக்க பனியன் வேஸ்ட். திருப்பூர் புண்ணியத்தில் ஹார்டுவேர் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கிறது, வீட்டுத் துண்டில் கை வைத்தால் அதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். தட்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்றால் ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைப் படுக்கவைத்து மேல்பக்கத்தை வெட்டி எடுங்கள். மூடி அப்படியே இருக்கட்டும், கடைசியில் அதைத் திறந்தே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம்.

வண்டியைத் தூக்குவது

ஆயில் கொட்டினால் துடைக்கலாம். இந்தப் பகுதியில் தவறினால் உயிர் போகும்.

வண்டியோடு வந்த ஜாக்கி டயர் மாற்ற மட்டும். அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது. ஜாக்கியால் தூக்கி, ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டை அடியில் வைத்து, வண்டியின் எடையை ஸ்டாண்டில் இறக்கிய பிறகுதான் கீழே போக வேண்டும். ஸ்டாண்ட் இல்லை என்று செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ அடுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹாலோ பிளாக் ஒரே இடத்தில் அழுத்தம் வந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்ட் வாங்க மனமில்லை என்றால் இந்த வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடலாம்.

இடம் சமதளமான கான்கிரீட் தரையாக இருக்க வேண்டும். மண் தரையில் ஸ்டாண்ட் புதையும், சரிவான போர்டிகோ இன்னும் மோசம். கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் உண்டு. நம் சின்ன கார்களில் என்ஜின் முன் சக்கரங்களைத்தான் இழுக்கிறது. முன்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அந்தச் சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கும், அப்போது கியர் போட்டு வைப்பதால் ஒரு பயனும் இல்லை. வண்டியைப் பிடித்து வைப்பது பின் சக்கர ஹேண்ட் பிரேக் மட்டும்தான். அதனால் பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஜாக்கி வைக்கும் இடம் கதவுக்கு அடியில் ஓடும் தகட்டில் இரண்டு வெட்டுக் குறிகளுக்கு நடுவே இருக்கும், படம் கையேட்டில் உண்டு. ஸ்டாண்ட் வைத்ததும் வண்டியைக் கையால் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள்.

தூக்குவதற்கு முன்பே என்ஜினை மூன்று நான்கு நிமிடம் ஓட்டி அணைத்துவிடுங்கள். வெதுவெதுப்பான ஆயில் இளகி, அடியில் தங்கிய அழுக்கையும் இழுத்துக்கொண்டு வடியும். நீண்ட தூரம் போய்வந்த சூட்டோடு தொடங்கினால் கை வெந்துவிடும். அருகில் ஓடும் எக்ஸாஸ்ட் குழாய் ஆயிலைவிடச் சூடாக இருக்கும், அதைத் தொட்ட தழும்பு என் முழங்கையில் இன்னும் இருக்கிறது.

பானெட்டைத் திறந்து ஆயில் மூடியைக் கழற்றி வையுங்கள், காற்று உள்ளே போனால் வடிவது வேகமாகும். கார் சாவியை நான் புது ஆயில் கேனின் மேல் வைத்துவிடுவேன். வீட்டில் வேறு யாராவது அவசரத்துக்கு வண்டியை எடுக்க வந்தால், ஆயிலைத் தாண்டித்தான் சாவியை எடுக்க முடியும்.

டிரெயின் போல்ட்

கீழே படுத்துப் பார்த்தால் என்ஜினின் அடியில் தொட்டி மாதிரி தெரிவது சம்ப். அதன் மிகத் தாழ்ந்த இடத்தில் தனியாக ஒரு போல்ட். கியர் பாக்ஸுக்கும் இதே மாதிரி ஒரு போல்ட் பக்கத்தில் இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள். சந்தேகமாக இருந்தால் மேலே ஆயில் கேஜ் கம்பி (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள், அது போய் முடியும் தொட்டிதான் சம்ப்.

படுத்துக்கொண்டு மேலே பார்க்கும்போது எந்தப் பக்கம் திருப்புவது என்று எல்லோருக்கும் குழம்பும். போல்ட்டின் தலை உங்கள் முகத்தைப் பார்த்து இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் மூடியை முகத்துக்கு நேரே பிடித்துத் திறப்பது போல இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். ஸ்பானரால் அரைச் சுற்று இளக்கியதும் தட்டை வையுங்கள். நேர் கீழே அல்ல, போல்ட் பார்க்கும் திசையில் கொஞ்சம் தள்ளி. ஆயில் முதலில் விரல் தடிமனில் வளைந்து பாயும், போகப் போகத்தான் நேராக விழும். மீதிச் சுற்றுகளைக் கையால், போல்ட்டை உள்ளே தள்ளிப் பிடித்தபடியே திருப்புங்கள். மரை முடிந்தது கைக்குத் தெரியும். அந்த நொடியில் சட்டென்று போல்ட்டோடு கையை இழுத்துக்கொள்ள வேண்டும். முதல் முறை போல்ட் ஆயிலுக்குள் விழத்தான் செய்யும். பரவாயில்லை, துழாவி எடுத்துக்கொள்ளலாம்.

பதினைந்து நிமிடம் வடியட்டும். காபி டிகாஷன் மாதிரி கறுப்பாக வந்தால் பயப்படாதீர்கள். அழுக்கைத் தன்னுள் பிடித்து வைப்பதும் ஆயிலின் வேலைதான். பயப்பட வேண்டியது தட்டின் அடியில் உலோகத் துணுக்குகள் விரலில் நெருடினால். நைசான பளபளப்பு வேறு, நகத்தில் மாட்டும் துணுக்கு வேறு. இரண்டாவது வந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

போல்ட்டைத் துடையுங்கள். பழைய வாஷர் போல்ட்டிலேயே ஒட்டியிருக்கும், சில சமயம் சம்ப்பில் ஒட்டியிருக்கும். அதைக் கண்டிப்பாக எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள். வாஷர் ஒருமுறை நசுங்கி இடைவெளியை அடைப்பதற்கென்றே செய்யப்பட்டது. நசுங்கிய பழையதை மறுபடி போட்டால் ஒழுகும், ஒழுகுகிறதே என்று கூடுதலாக இறுக்குவோம், அங்கேதான் மரை போகும்.

அந்த அனுபவம் எனக்கு உண்டு. ஒரு வருஷம் நேரமில்லாமல் வண்டியை வெளியே சர்வீஸுக்கு விட்டேன். மறு வருஷம் நான் திறக்கப் போனால் போல்ட் அசையவே இல்லை. யாரோ கை வலிமையைக் காட்டி இறுக்கியிருந்தார்கள். நானும் சளைக்காமல் ஸ்பானரில் இரண்டடிக் குழாயை மாட்டி இழுத்தேன். போல்ட் வந்தது, சம்ப்பின் மரையும் சுருள் சுருளாகக் கூடவே வந்தது. சம்ப்பைக் கழற்றி லேத் பட்டறையில் பெரிய மரை அடித்து வாங்கிய செலவில் மூன்று முறை ஆயில் மாற்றியிருக்கலாம்.

சரி, எவ்வளவு இறுக்க வேண்டும்? ஹூண்டாய் சொல்வது 34 முதல் 44 நியூட்டன் மீட்டர் வரை. டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவை முன்கூட்டியே வைத்துக்கொள்ளும் ஸ்பானர்) இருந்தால் 40இல் வைத்து 'டக்' என்று கேட்டதும் நிறுத்திவிடலாம். இல்லாதவர்களுக்கு என் கணக்கு: 20 சென்டிமீட்டர் நீள ஸ்பானரின் நுனியில் ஏறக்குறைய 20 கிலோ எடை தொங்கினால் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு. முதலில் விரலால், அது நின்ற பிறகு ஸ்பானரால். வாஷர் நசுங்குவது கொஞ்சம் மெத்தென்று தெரியும். அது முடிந்து கெட்டியாக நின்றதும் இன்னொரு சிறு அழுத்து, அவ்வளவுதான். தொடங்கும்போது விரலால் நான்கைந்து சுற்று சுலபமாகப் போகவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். கழற்றி மறுபடி தொடங்குங்கள், ஸ்பானரால் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

ஃபில்டர்

என்ஜின் பக்கவாட்டில் திருகியிருக்கும் தகர டம்ளர் அது. எங்கள் வண்டியில் கீழிருந்துதான் கைக்கு எட்டும். அடியில் தட்டை நகர்த்திவிட்டு ரெஞ்சால் இடஞ்சுழியாக இளக்குங்கள். இளகியதுமே விளிம்பில் ஆயில் வழியும், முழங்கை வரை ஓடும். கொஞ்சம் பொறுத்து வடியவிட்டுக் கழற்றினால் குளியல் குறையும். கை வழுக்கினால் உப்புத்தாளை ஃபில்டரைச் சுற்றிப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், பிடிமானம் வரும். ஸ்க்ரூ டிரைவரைக் குத்திச் சுழற்றுவது கடைசி வழி. தகரம் கிழிந்து அடிப்பாகம் மட்டும் என்ஜினில் நின்றுவிட்டால் அதற்கப்புறம் பிடிக்க ஒன்றும் இருக்காது.

இப்போது நிறுத்தி, கழற்றிய ஃபில்டரின் வாயைப் பாருங்கள். ரப்பர் வளையம் அதில் இருக்கிறதா? இல்லை என்றால் அது என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் முதன்முதலாகச் செய்தபோது இதைப் பார்க்கவில்லை. பழைய வளையத்தின் மேலேயே புது ஃபில்டரைத் திருகினேன். ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் இரண்டு வளையங்களுக்கு நடுவிலிருந்து ஆயில் விசிறியடித்து, புது ஆயிலில் பாதி தரைக்குப் போனது. தெருமுனைப் பட்டறை அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, பழைய ஃபில்டரைக் கையில வாங்கினதும் வளையத்தை எண்ணு. ஒண்ணு இருந்தாத்தான் அடுத்த வேலை" என்றார். அன்றிலிருந்து எண்ணுகிறேன். என்ஜினில் ஃபில்டர் உட்காரும் வட்டத்தை விரலால் தடவிப் பார்த்து, சுத்தமாகத் துடைத்து, அதன் பிறகே புதியது.

புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலை விரலால் பூசுங்கள். காய்ந்த ரப்பர் திருகும்போது மடங்கும், அடுத்த வருஷம் கழற்றவும் வராது. ஃபில்டர் வாய் மேல்நோக்கி மாட்டும் வண்டி என்றால் பாதியளவு ஆயில் ஊற்றி மாட்டலாம், படுக்கையாக மாட்டுவது என்றால் கொட்டும், விட்டுவிடுங்கள். கையால் திருகிக்கொண்டே போங்கள். ரப்பர் என்ஜினைத் தொட்டதும் கை லேசாகத் தடைபடும். அங்கிருந்து முக்கால் சுற்று, அதுவும் கையாலேயே. பெரும்பாலான ஃபில்டர்களில் இதைப் பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். ஃபில்டர் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் முக்கால் சுற்று எது என்று குழப்பம் வராது. ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும், இறுக்க வேண்டாம். அதே மார்க்கரால் தேதியையும் கிலோமீட்டரையும் ஃபில்டரிலேயே எழுதிவிடுகிறேன்.

சில வண்டிகளில் தகர டப்பா இருக்காது. பிளாஸ்டிக் மூடிக்குள் தாள் சுருள் மட்டும் மாற்ற வேண்டும். புது ஃபில்டரோடு வரும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைப் பழையது இருந்த அதே பள்ளத்தில் மாட்டுங்கள். மூடியை எவ்வளவு இறுக்குவது என்பது அதன் மேலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும்.

ஊற்றுவது

அடியிலிருந்து எல்லாச் சாமானையும் எடுத்து, வண்டியைத் தரைக்கு இறக்கிவிட்டு ஊற்றுவதே என் வழக்கம். முன்பக்கம் தூக்கியிருக்கும்போது கேஜ் காட்டும் அளவு பொய். புனல் வைத்து முதலில் மூன்று லிட்டர். ஐந்து நிமிடம் கழித்துக் கேஜ் கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். கீழ்க் குறிக்கு மேலே வந்துவிட்டால் மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்யலாம். சிவப்பு ஆயில் விளக்கு சில நொடிகள் எரிந்து அணையும், காலி ஃபில்டர் நிரம்பும் நேரம் அது. அணையவில்லை என்றால் உடனே என்ஜினை நிறுத்துங்கள். ஆக்ஸிலேட்டரைத் தொட வேண்டாம். ஒரு நிமிடம் சும்மா ஓடட்டும், நீங்கள் டார்ச் அடித்து அடியில் ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

அணைத்துவிட்டு ஐந்து நிமிடம். மறுபடி கேஜ். அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும், ஃபில்டர் குடித்தது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மேல் குறிக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். புது ஆயில் தேன் நிறத்தில் இருப்பதால் கம்பியில் கோடு சரியாகத் தெரியாது. பேப்பர் நாப்கினில் கம்பியைப் படுக்கவைத்தால் ஈரம் எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். கூட இருந்தால் நல்லது என்று மேல் குறியைத் தாண்ட வேண்டாம். உள்ளே சுற்றும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் தாங்காது, சீல்களும் கசியத் தொடங்கும். தாண்டிவிட்டால் டிரெயின் போல்ட்டை இளக்கிக் கொஞ்சம் வடிப்பதுதான் வழி. அந்த எரிச்சலை ஒருமுறை பட்டவர் அடுத்த முறை கரண்டியால் ஊற்றுவார்.

சர்வீஸ் நினைவூட்டும் விளக்கு உள்ள வண்டியில் அதை ரீசெட் செய்யுங்கள். இரவு வண்டிக்கு அடியில் அந்த அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் புதுச் சொட்டு இல்லை என்றால் வேலை சரி. ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை கேஜ் பார்த்துக்கொள்ளுங்கள். "என்ஜின் ஃப்ளஷ்" என்று கடையில் ஒரு பாட்டிலை நீட்டுவார்கள். நேரத்துக்கு ஆயில் மாற்றும் வண்டிக்கு அது தேவையில்லை என்பது என் முடிவு.

பழைய ஆயில்

தட்டில் இருக்கும் மூன்றரை லிட்டரை என்ன செய்வது? சாக்கடையில் கொசு சாகும் என்று ஊற்றுவதும், கரையானுக்கு என்று மரத்தடியிலும் வேலிக்காலிலும் ஊற்றுவதும் நம் பக்கம் உள்ள பழக்கம். மழை வந்தால் அது நேராகக் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும்தான் இறங்கும். அதில் என்ஜின் தேய்மானத்தின் உலோகமும், எரிந்த எரிபொருளின் நச்சும் இருக்கின்றன. தோலில் படாமல் இருக்கக் கையுறை போடச் சொன்னதும் அதனால்தான். பயன்படுத்திய ஆயில் இந்தியச் சட்டப்படி அபாயகரமான கழிவு. அதைத் திரும்பப் பெற்று மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பொறுப்பை ஆயில் தயாரிப்பவர்கள் மீதே சுமத்தும் விதிகள் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன.

நமக்கு நடைமுறை வழி பட்டறைதான். பெரிய பட்டறைகளில் பழைய ஆயிலை டிரம்மில் சேர்த்து, எடுத்துப்போக வருகிறவர்களுக்கு விற்பார்கள். கேனில் ஊற்றி மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்கள். பெட்ரோல், தண்ணீர், கூலண்ட் எதையும் அதோடு கலக்காதீர்கள், கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு ஆகாது. பழைய ஃபில்டரை வாய் கீழாக ஓர் இரவு முழுவதும் தட்டில் கவிழ்த்து வடியவிட்டு, அதையும் அதே பட்டறையில் கொடுத்துவிடுங்கள். தரையில் சிந்தியதன் மேல் மரத்தூளோ மணலோ போட்டு ஊறவிட்டுக் கூட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கறை போர்டிகோ முழுக்கப் பரவும், அப்புறம் பூஜை அன்று கோலம் போட வருகிறவர்கள் கேட்கும் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.